வலமாகச் சுற்றிய வெளிச்சம்

நிருபர் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நேரில் தேடி வந்தால், அவர் பாராட்ட வரவில்லை என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே புரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடி அறை எடுத்து மாவட்டச் செய்தி தட்டிக்கொண்டிருக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படியில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டாலே நமக்கு முந்தாநாள் எழுதியதெல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

பதினொரு வரி

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில், மூன்று பேர் அடுத்தடுத்து போன் செய்தார்கள். மலைப் பக்கம் ஒரு வெளிச்சம் போனதாம், சத்தமே இல்லையாம். திருவண்ணாமலையில் மலை என்றால் ஒன்றுதான். ‘மர்ம ஒளி’ என்று தலைப்பிட்டுப் பதினொரு வரி அனுப்பினேன். ‘மலையை வலமாகச் சுற்றி மறைந்தது’ என்பது அதில் ஏழாவது வரி.

ஐந்தாம் நாள் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் படியேறி வந்தார். விமானப்படை அதிகாரி என்றார். அடையாள அட்டையைக் கேட்டேன். கொடுத்துவிட்டு என்னுடையதைக் கேட்டார். இரண்டு பேரும் ஒருவர் படத்தை ஒருவர் தேவைக்கு மேலேயே உற்றுப் பார்த்தோம். பிறகு என் செய்தியின் நறுக்கை மேஜைமேல் விரித்தார். ஏழாவது வரியின் கீழ் சிவப்புக் கோடு.

“மத்த வரியெல்லாம் ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’னு இருக்கு. இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு. அதான் சார் சந்தேகம்” என்றார்.

பாபுவின் டிரோன்

அந்த வரியில் ஏற்கெனவே ஒருவன் மாட்டியிருந்தான். கல்யாண வீடியோ எடுக்கும் பாபு, போன பௌர்ணமிக்கு அனுமதி வாங்கி டிரோன் பறக்கவிட்டு கிரிவலக் கூட்டத்தைப் படமெடுத்திருந்தான். மலையை வலமாகச் சுற்றிவரும் அந்தக் காட்சி ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. அதே மாதிரி ஒரு வெளிச்சம் சுற்றியது என்று பேப்பரில் வந்ததும் போலீசுக்கு வேறு யார் நினைவு வருவார்கள்? செய்தி வந்த அன்றே டிரோனை எடுத்துப் போய்விட்டார்கள். விமானப்படை விசாரணை முடியாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

வெளிச்சம் போன அன்று டிரோன் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை என்றான் பாபு. நம்பினேனா? சத்தியமாக இல்லை. யாரையும் உடனே நம்பாமல் இருப்பதற்குத்தானே சம்பளம்.

“டேய், உண்மையைச் சொல்லு, சும்மா ஒரு ரவுண்டு விட்டியா?”

“அண்ணே, முதல் முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. டிரோன் இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டாங்க. உங்களுக்குப் பதினொரு வரி, எனக்கு வைகாசி மொத்தமும்ணே.”

வாயுவா, வருணனா?

ஊர் தெரிந்த ஆள் வேண்டும் என்று அதிகாரி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். என்னைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளத்தான் என்பது என் சந்தேகம். அடி அண்ணாமலையில் சர்பத் கடை வைத்திருக்கும் கஸ்தூரியம்மா, எனக்குப் போன் செய்த மூவரில் ஒருவர். ஆனால் முகம் பார்த்ததில்லை.

அதிகாரியின் படிவத்தில் ‘திசை’ என்று ஒரு கட்டம். “வடக்கே போச்சா, தெற்கே போச்சா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? வருண லிங்கத்துப் பக்கத்துலருந்து வாயு லிங்கத்துப் பக்கம் போச்சு.”

மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம் இருக்கும் ஊரில் திசைகாட்டிக்கு வேலையில்லை. வருணன் மேற்கு, வாயு வடமேற்கு என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியானால் தெற்கிலிருந்து வடக்கு. கிரிவலம் போகிறவர்கள் அந்த இடத்தைக் கடக்கும் அதே வழி. என் ஏழாவது வரி பிழைத்தது என்று மூச்சுவிட்டேன்.

அதிகாரி பேனாவை மூடினார். “வாயால வேணாம்மா. அன்னிக்கு நின்ன இடத்துல நின்னு கையால காட்டுங்க.”

கஸ்தூரியம்மா பாட்டிலை வைத்துவிட்டு மலையைப் பார்த்து நின்றார். கை இடப்பக்கம் வாயு லிங்கத்தின் மேலே எழுந்து, வலப்பக்கம் வருண லிங்கத்தின் மேலே இறங்கியது. வடக்கிலிருந்து தெற்கு. அப்படியே தலைகீழ்.

“கை வேற சொல்லுதேம்மா?”

தன் கையை அடுத்தவர் கையைப் போலப் பார்த்தார். “கை தப்பாக் காட்டுதுங்க. சாமி மலைய யாராச்சும் இடமா சுத்துவாங்களா? பேப்பர்லயே வலமான்னு போட்டிருந்தானே!”

நயினார் சாப்பிட்ட நேரம்

கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போட்டிருக்கும் ஒரு விவசாயியும் பார்த்திருந்தார். பெயர் அப்பாண்டை, இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம் என்பதால் ஊரில் நயினார் என்பார்கள். பார்த்த மணியை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, “பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு முடிச்சிடுவோங்க, இருட்டுனா சாப்பாடு கிடையாது. கை கழுவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி கட்டப் போனேன், பாத்தேன்” என்றார். இதைவிடச் சரியான கடிகாரம் விமானப்படையிடமும் இருக்காது.

“இவர் எழுதுன செய்தியைப் படிச்சீங்களா?”

“அந்தப் பேப்பர நான் வாங்கறதில்லீங்க.”

அதிகாரி அன்றுதான் முதல் தடவை சிரித்தார். நயினார் விரலால் வானத்தில் ஒரு கோடு இழுத்தார்: வடக்கிலிருந்து தெற்கே, நேராக, ரொம்ப உயரத்தில். கஸ்தூரியம்மாவின் கை சொன்னதும் அதேதான். எனக்குப் பொறுக்கவில்லை. “மலையைச் சுத்தலையா?” என்று கேட்டேன்.

“மலைக்கு அந்தாண்ட போனா இந்தாண்ட நிக்கிறவனுக்கு எப்படிங்க தெரியும்? சுத்துச்சுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?”

வாக்குமூலம்

அறைக்குத் திரும்பியதும் அதிகாரி என் குறிப்பேட்டைக் கேட்டார். கொடுக்குமுன் நானே பார்த்தேன். மூன்று அழைப்பு, மூன்று குறிப்பு: ‘வெளிச்சம் போச்சு’, ‘வேகமாப் போச்சு’, ‘மலைகிட்டப் போச்சு’. வலம் என்ற சொல்லே இல்லை. அதை யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. இந்த ஊரில் மலைப் பக்கம் ஒன்று போனால் அது வலமாகத்தான் போகும் என்று என் கையே எழுதிக்கொண்டுவிட்டது. அதைப் படித்தவர்கள் அப்படியே பார்த்துமிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷத்தில் என் செய்திக்கு ‘வருந்துகிறோம்’ என்று திருத்தம் வந்ததில்லை. எழுதிக் கொடுத்தால் வரும். மீதிப் பத்து வரியும் இப்படித்தானா என்று ஆபீசில் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் டிரோன் ஸ்டேஷன் அலமாரியிலேயே கிடக்கும். வெள்ளைத்தாள் எடுத்தேன். ‘வலமாகச் சுற்றியதாக என்னிடம் யாரும் கூறவில்லை. அது நான் சேர்த்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். இதைக் காட்டி டிரோனை விடச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. “சார், அது உங்க விமானம்தானே?”

தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “யாரும் பார்க்காததைப் பார்க்கலைனு எழுதிக் கொடுத்த முதல் ஆள் நீங்கதான். உடனே அதைக் கெடுத்துக்காதீங்க.”

முகூர்த்தம்

நாலாம் பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி ‘வருந்துகிறோம்’ வந்தது. பாபுவுக்கு முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் டிரோன் கிடைத்தது. மண்டபத்திலிருந்தே போன் செய்தான். நாதஸ்வரச் சத்தத்தில் கத்தினான்.

“அண்ணே, பொண்ணு மாப்ள அக்கினிய வலம் வந்தாங்க. நான் மேல நேராத்தான் விட்டேன், பாத்து எழுதுங்க!”

இருபத்தாறு வருஷமாக என் செய்திகளில் இன்னும் எவையெல்லாம் வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவோ, அவற்றை விசாரிக்க ஒரு படை இல்லாததால்தான் இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறேன்.