மூடியைத் தொட்டுக்கொண்டிருந்த மீன்

நிக்கோபாரின் கட்சால் தீவில் எனக்குச் செல்பேசி சிக்னல் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். நான் நர்ஸாக வேலை பார்த்த சுகாதார நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. சுனாமியின்போது தரை தாழ்ந்து, கடல் உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்ட ஒரு தென்னந்தோப்பு. பட்டுப்போன மரங்கள் தலையில்லாமல் நிற்கும். தண்ணீர் இறங்கும் நேரத்தில் அடியில் கருஞ்சேறு தெரியும். அதன் ஓரத்தில் கிடந்த கான்கிரீட் துண்டின்மேல் ஏறி நின்றால், போர்ட் பிளேரில் பத்துபஸ்தியிலிருந்து என் மகளின் குரல் கேட்கும். அவளுக்குப் பின்னால் விமானம் இறங்கும் சத்தமும் கேட்கும்.

அவளை விட்டு வந்தபோது இரண்டரை வயது. காய்ச்சலில் இரண்டு முறை வலிப்பு வந்த குழந்தை. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத தீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. கணவருக்கு போர்ட் பிளேரில் வேலை. அவருடைய தங்கை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எல்லாம் யோசித்து எடுத்த முடிவுதான். ஆனால் கட்சாலுக்கு வந்த முதல் வாரத்திலேயே, ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளில் நான் தடுப்பூசி போட்ட குழந்தைகள் எல்லாம் கன்னம் மினுங்க ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து முடிவை மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் மாதம் போனில் அழுதாள். இரண்டாவது மாதம் பேசினாள். நான்காவது மாதம் போனைக் காதில் வைத்ததும் "பாய் மம்மி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நாத்தனார் போனை வாங்கி, "விளையாட்டு மும்முரம் அண்ணி, நாளைக்குப் பேசுவா" என்றாள். நாளைக்கும் அதேதான். குழந்தை என்னை மறந்துகொண்டிருந்தாள். யார் மேலும் தப்பில்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி ஒரு மாலையில்தான் அந்த மீனைப் பார்த்தேன். போன் அணைந்துவிட்டது. குவார்ட்டர்ஸுக்குத் திரும்ப மனமில்லாமல் நின்றிருந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த மொட்டைத் தென்னையில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லி என்று நினைத்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. உச்சந்தலையில் மணி மணியாக இரண்டு கண்கள். அதில் ஒன்றை மட்டும் தலைக்குள் இழுத்துக்கொண்டு, மறுபடி வெளியே விட்டது. பிறகு குதித்தது. தண்ணீருக்குள் போகவில்லை. தட்டுக்கல் எறிந்தால் துள்ளிப் போகுமே, அப்படித் தண்ணீரின் மேலேயே நாலு துள்ளு துள்ளி அடுத்த மரத்தில் ஏறிக்கொண்டது. அப்போதுதான் வாலையும் துடுப்பையும் பார்த்தேன். மீன்.

நான் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண். மீன் என்றால் சந்தையில் ஐஸ் மேல் படுத்திருப்பது. மரமேறும் மீனைப் பார்த்தேன் என்று யாரிடம் சொல்வது?

மறுநாள் எங்கள் நிலையத்து அட்டெண்டரிடம் சொன்னேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்.

"அதுவா? சேத்துக்குள்ள குதிச்சுக்கிட்டு கெடக்குமே" என்றாள்.

"அது பேர் என்னக்கா?"

"திங்காத மீனுக்கு எவ சிஸ்டர் பேரு வப்பா?"

அன்று மாலை மகள் "பாய்" சொல்வதற்குள் அவசரமாகச் சொன்னேன். "அம்மா ஒரு மீன் பாத்தேன். அது மரத்துல ஏறுது."

ஓடும் காலடி நின்றது.

"மச்லியா?" மீனா என்று போர்ட் பிளேர் இந்தியில் கேட்டாள்.

"ஆமா. முழங்கையை ஊனி நடக்குது. கண்ணு தலைக்கு மேல இருக்கு."

"ஜூத்தா போடுமா?"

"செருப்பெல்லாம் போடாது."

"கியோன்?" ஏனாம்.

மூன்று நிமிடம் பேசினாள்.

அதன்பிறகு தினமும் டூட்டி முடிந்ததும் அங்கே போய், முதலில் மீனைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் போன் போடுவேன். இன்றைக்கு இரண்டு மீன் சண்டை போட்டன, முதுகுத் துடுப்பைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு. இன்றைக்கு ஒன்று சேற்றில் புரண்டு எழுந்தது, குளிக்கிற எருமை மாதிரி. மீன் வராத நாட்களில் பொய் சொன்னேனா என்றால், சொன்னேன். திரும்பும் வழியெல்லாம் அது உறுத்தும். பிள்ளையிடம் பேச வேறு ஒன்றும் இல்லாத தாய் எப்படிப்பட்ட தாய் என்றும் தோன்றும்.

எட்டாவது மாதம் விடுப்பு கிடைத்து, டிக்கெட்டும் கிடைத்த அன்று, "அம்மா வரேன்" என்றேன்.

"மச்லி கொண்டா" என்றாள். நான் வருவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அட்டெண்டரும் அதே கப்பலில் வந்தாள், தம்பி வீட்டு விசேஷத்துக்கு. கிளம்பும் நாள் காலையில் தண்ணீர் வற்றியிருந்தபோது, பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, துண்டைப் போட்டு ஒன்றை அமுக்கிவிட்டாள். "இந்தாங்க, ஒங்க மருமவன்" என்று நீட்டினாள். விரல் நீளம்தான். உள்ளங்கையில் இதயம்போல அடித்துக்கொண்டது.

போர்ட் பிளேருக்கு யார் கிளம்பினாலும் தீவில் உள்ளவர்கள் பொருள் கொடுத்தனுப்புவார்கள். என் கையில் ஏற்கனவே நாலு வீட்டுப் பாக்குப் பையும் தேங்காயும் இருந்தன. அவற்றோடு ஒரு பெரிய ஊறுகாய் பாட்டில். மூடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டேன். கப்பல் ஆடினால் மீன் மோதிக்கொள்ளக் கூடாது என்று கடல்தண்ணீரை விளிம்புவரை ஊற்றினேன். மாற்றுவதற்கு ஒரு கேன் தண்ணீர் தனியாக. வேலையில் நான் அப்படித்தான். ஒரு பொருள் தேவை என்றால் இரண்டு எடுத்து வைப்பேன்.

மதியம் கப்பல் புறப்பட்டது. வாந்திக்கு மாத்திரை கேட்ட அட்டெண்டருக்கு ஒன்று கொடுத்தேன். அவள் கீழ்ப் பங்க்கில் படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன். மீன் அடியில் நிற்கவே இல்லை. மேலே வந்து மூடியில் வாயை வைத்து வைத்து எடுத்தது. செவுள் உப்பியிருந்தது. நீந்தவும் செய்யாமல், கண்ணாடியைக் கைகளால் பிறாண்டியது. பழகாத இடம், பயப்படுகிறது என்று நினைத்தேன். தண்ணீர் போதவில்லையோ என்றும் நினைத்தேன். பாதித் தண்ணீரை மாற்றி, தளும்பிக் குறைந்ததையும் சேர்த்து நிரப்பி, மூடியை இறுக்கினேன். பொழுது சாய்வதற்குள் மூன்று முறை அப்படிச் செய்தேன். கடைசி முறை அமைதியாகிவிட்டது. பழகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அட்டெண்டர்தான் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னா சிஸ்டர், மீனைத் தண்ணியில முக்கிக் கொன்னுட்டீங்களே!"

நான் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன்.

"அது ஈரச்சேத்துல கெடக்குற சாதி. மேல வந்து காத்து குடிக்கணும். கொஞ்சம் சேறு, ரெண்டு சொட்டுத் தண்ணி போட்டுருந்தா ஜம்முனு வந்துருக்கும். நீங்க தொண்டை வரைக்கும் ஊத்தி மூடிப்புட்டீங்க." என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று குரலை இறக்கினாள். "சரி விடுங்க. நானும்ல தூங்கித் தொலைச்சேன்."

மூச்சுத்திணறல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வார்டில் நோயாளி கதவருகே வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன். மடியில் ஒரு உயிர் காற்றுக்காக மூடியை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான்கு மாதங்களாக அந்த மீன்கள் தண்ணீரைவிட்டு மேலே ஏறி நின்றதைப் பார்த்தவளும் நான்தான்.

வீசியெறியலாம் என்று டெக்குக்குப் போனேன். முடியவில்லை. வேறொன்று வாங்கி ஏமாற்றலாம், மீன் வர மறுத்துவிட்டது எனலாம் என்று துறைமுகம் வரும்வரை பொய்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

படகுத்துறையில் அவர்கள் மூவரும் நின்றார்கள். மகள் வளர்ந்திருந்தாள், நெற்றிமுடி வெட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் நாத்தனாரின் சுடிதாருக்குப் பின்னால் போய்விட்டாள். "மம்மி ஆ கயீ, மம்மி வந்தாச்சு, போம்மா" என்று நாத்தனார் தள்ளினாள். கணவர் என் பையை வாங்கினார். நான் கை நீட்டவில்லை. நீட்டி, அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மச்லி?"

தரையில் உட்கார்ந்தேன். தயார்செய்த பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"செத்துப்போச்சுடா. அதுக்குக் காத்து வேணும். அம்மாவுக்குத் தெரியல. தண்ணி நெறைய ஊத்தி மூடிட்டேன்."

"ஐயோ அண்ணி, குழந்தைகிட்ட போய்..." என்றாள் நாத்தனார்.

மகள் வெளியே வந்தாள். அழவில்லை. என் எதிரே குந்தி, பாட்டிலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். மூடியைத் திறக்கச் சொன்னாள். தண்ணீரை வடித்துவிட்டு மீனை என் உள்ளங்கையில் வைத்தேன். ஒற்றை விரலால் தொட்டாள்.

"கண்ணு மேல இருக்கு" என்றாள். பிறகு துடுப்பைத் தூக்கிப் பார்த்து, "இதுதான் முழங்கை."

நான் போனில் சொன்ன வார்த்தைகள். ஒன்றும் சிந்தாமல் வைத்திருந்தாள்.

ஆட்டோவில் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டிலையும் அவளே வைத்துக்கொண்டாள். நாற்றம் தாங்காமல் நாத்தனார் துப்பட்டாவில் மூக்கைப் பொத்த, நான் மூடியைப் போட்டேன். மகள் திறந்தாள். மறுபடி போட்டேன். மறுபடி திறந்து, மூடியை என்னிடம் கொடுக்காமல் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விடுப்பு இன்னும் பதினான்கு நாள் இருந்தது.