புகைக்கூண்டை நான் அடைத்துவைத்த பத்து நாள்

என் மனைவி சாகக் கிடந்தாள். அதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இரண்டு பத்தி தாண்டினால் நான் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். வியாதி அப்படி. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட பக்கத்து பெஞ்சுக்காரரைச் சிரிக்க வைத்தவன் நான். அவர் சிரித்து முடித்துவிட்டு, "உள்ள யாரு?" என்று கேட்டார். "ஊட்டுக்காரம்மா" என்றேன். அவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். முன்னால் கூடம், கூடம் முழுக்கத் தறி. பின்னால் சமையலறை. அதன் மூலையில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே பழைய விறகடுப்பு ஒன்று உண்டு. அதற்கு மேலே செங்கல்லால் கட்டிய புகைக்கூண்டு மாடியைத் துளைத்துக்கொண்டு போகும். குழம்பும் மற்றதும் கேஸில். வெந்நீரும் உலைச்சோறும் விறகில்.

தறியில் பட்டு ஏறிவிட்டால் எங்கள் வீட்டில் சமையலறைக் கதவு மூடியே கிடக்கும். பட்டு எந்த வாசனையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். வெங்காயம் வதக்கினால் புடவையும் வெங்காயம்தான். முகூர்த்தத்தில் மாப்பிள்ளைக்குப் பசி எடுத்தால் பழி நெய்தவன் மேல் வரும். அதனால் நான் கதவுக்கு இந்தப் பக்கம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அந்தப் பக்கம். கூடத்தில் இடமில்லாததால் இராட்டையும் சமையலறையில்தான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழல்களில் ஊடை நூலை அவள் சுற்றிக் கொடுப்பாள். அதைத் தார் என்போம். தார் தீர்ந்தால் நான் குரல் கொடுப்பேன். அவள் கதவை ஒரு சாண் திறந்து நீட்டுவாள். எங்கள் இல்லறத்தில் பாதி அந்த ஒரு சாண் இடுக்கில் நடந்தது.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கொத்தனார் பக்கத்துச் சாயப்பட்டறைக்கு வந்திருந்தார். சாயம் காய்ச்சுகிற அடுப்புக்கும் அதன் புகைபோக்கிக்கும் அவர்தான் ஆள். வருஷா வருஷம் ஏறிச் சுரண்டி, விரிசல் பார்த்து, பூசிவிட்டுப் போவார். வேலை முடிந்து எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"உன்னுது பழைய கூண்டுப்பா. மழைக்கு முந்தி ஒருவாட்டி ஏறிப் பாத்துடட்டுமா?"

"பாத்து இன்னா சொல்லப் போற? அதுக்கு எந்தக் கட்டத்துல சனி இருக்குதுன்னா?"

"சனி கூண்டுல இருக்காதுப்பா. ஊட்டுக்காரன் நாக்குல இருக்கும்."

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். செம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பேச்சில் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தது. தறியில் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை. அரக்கு, கரும்பச்சை என்றால் எதையும் தாங்கும். சந்தன நிறத்தில் ஈ உட்கார்ந்து எழுந்தாலும் தெரியும். ஒரு நாள் காலையில் நெய்த துணியில் சாம்பல் கோடு ஒன்று தெரிந்தது. தாரைப் பிரித்துப் பார்த்தால் நூலில் மசி. அடுப்பு எரியும்போது கூண்டிலிருந்து மசி உதிர்ந்து, அவள் சுற்றுகிற நூலில் விழுந்திருக்கிறது. பட்டில் விழுந்த மசியைத் தட்டவும் கூடாது, துடைக்கவும் கூடாது. தொட்டால் ஈஷிக்கொள்ளும். நெய்ததை இரண்டு விரற்கடை பிரித்து எடுத்தேன். ஒரு நாள் போனது.

மசி ஏன் உதிர்கிறது என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். நான் மசி உதிராமல் இருக்க என்ன வழி என்று யோசித்தேன். மழை விட்ட நேரத்தில் மாடி ஏறினேன். பழைய கோணிக்குள் கழிவு நூலைத் திணித்து, தலையணை மாதிரி செய்து, கூண்டின் வாயில் வைத்து அழுத்தி, மேலே பாலித்தீன் தாளைப் போட்டு இறுகக் கட்டினேன். கட்டுவதில் நான் கெட்டிக்காரன். மேலே அடைத்தால் மழையும் காற்றும் இறங்கி மசியை உதிர்க்காது, விறகு எரிந்தால்தானே புகை, கரியில் புகையே வராதே என்பது என் கணக்கு. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு மூட்டை கரி வாங்கி வந்தேன்.

"புடவை இறங்குற வரைக்கும் கரியிலயே வெந்நி வெச்சிக்க. புகையும் இல்ல, மசியும் இல்ல."

"ஜன்னல் வழியா சாரல் அடிக்குதுங்க. நூல் நனையுது."

"அதையும் மூடிடு."

மூடினாள். நான் சொன்னால் கேட்பாள். அதுதான் அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

மூன்றாம் நாள் கதவிடுக்கில் தாரை நீட்டிக்கொண்டே, "தல பாரமா இருக்குதுங்க" என்றாள்.

"இத்தினி வருசமா என் பேச்சக் கேட்டுக்கினு இருக்குற. இப்பதான் வலிக்குதா?"

சிரித்தாள். சாயந்திரம் கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். "அங்க போனா சரியாப் போயிடுது" என்றாள். மறுநாளும் வலித்தது, மறுநாளும் கோயிலில் சரியானது. அவளுடைய பக்தியைப் பற்றி நான் ஜோடித்த கிண்டல்களை இங்கே எழுத மனசில்லை. அவளுக்குக் குணமானது பிரகாரத்துக் காற்றில். அது எனக்கு உறைக்கவில்லை. கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய் கண்ணாடி மாற்றினேன். குமட்டுகிறது என்றபோது சுக்குக் கஷாயம் வைக்கச் சொன்னேன். அதையும் அந்தக் கரியில்தான் வைத்தாள்.

பத்தாம் நாள், மதியம் சாப்பிட்ட பிறகு. வெளியே மழை. உள்ளே இராட்டை ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. களைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். தார் தீர்ந்தது.

"தார் இன்னா, திருமுக்கூடல் போயி ஆத்துல குளிச்சிட்டு வருதா?"

பதில் இல்லை. கோபம்போல என்று நினைத்தேன். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். நான் உடனே எழுந்து போகவில்லை. முதல் ஜோக்குக்கு அவள் சிரிக்காததால், அதைவிட நல்லதாக இரண்டாவது ஒன்று யோசித்துக்கொண்டு குழியிலேயே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

கதவைத் திறந்தேன். இராட்டைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் வாந்தி. விரலில் நூல் சுற்றியபடி இருந்தது. அறையில் ஒரு பொட்டுப் புகை இல்லை. அடுப்பில் கரி செக்கச்செவேல் என்று அழகாகக் கனிந்துகொண்டிருந்தது. பித்த மயக்கம் என்று நினைத்துக் குனிந்து தூக்கினேன். எனக்கே தலை சுற்றி முட்டி மடங்கியது. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்து, வாசற்படி தாண்டிக் கூடத்தில் போட்டுவிட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டு நெசவுக்காரர் ஓடிவந்தார். இருவருமாக ஆட்டோவில் ஏற்றினோம். அவள் தலை என் மடியில் இருந்தது. அன்றைக்கு ஆட்டோவில் மட்டும் நான் ஒன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயது.

"வீட்ல என்ன எரிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். புகையே இல்ல."

"கரியா?"

"கரிதான். அதுல புகை வராது."

"புகை வந்திருந்தா நீங்க ஜன்னலத் திறந்திருப்பீங்க" என்றார். திட்டவில்லை. கரி எரிந்து வருகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது என்றும், மூடின அறையில் அது ரத்தத்தில் ஏறிவிடும் என்றும் நிதானமாகச் சொன்னார். "புகைபோக்கி இல்லையா வீட்ல?" என்றார்.

"இருக்குது மேடம்" என்றேன். அதன் வாயில் கோணி இருப்பதைச் சொல்லவில்லை.

கண் விழித்தாள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டரம்மா, "சில பேருக்குச் சில வாரம் கழிச்சு ஞாபகத்துல கோளாறு வரலாம், பாத்துக்கோங்க" என்றார். அவள் நன்றாகத்தானே நடக்கிறாள், பேசுகிறாள் என்று எனக்குத் தைரியம்.

கொத்தனாரை நானே போய் அழைத்து வந்தேன். மாடி ஏறி என் தலையணையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். கூண்டுக்குள் சங்கிலி விட்டுச் சுரண்டினார். கீழே வந்து கண்ணாடி பிடித்துப் பார்த்தார். ஒரு கூடை மசி விழுந்தது, கட்டை விரல் பருமனுக்குப் பாளம் பாளமாக. கூடவே இரண்டு உடைந்த செங்கல்.

"நீ அடைக்கறதுக்கு முன்னாடியே முக்காவாசி அடச்சிக்கினுதான் இருந்துது. மீதிய நீ முடிச்ச."

நான் குனிந்து விழுந்த மசியைக் கூடையில் அள்ளினேன்.

"மசி ஏன் வுழுந்துது தெரியுமா? ஒட்டிக்க உள்ள எடம் இல்ல, அதான். சுரண்டிட்டு, மேல ஒரு தகரத் தொப்பி போட்டிருந்தா ஒன்னும் இல்ல. அரை நாள் வேலப்பா."

வைக்கோலைக் கொளுத்தி அடுப்பு வாயில் காட்டினார். புகை திரும்பிப் பார்க்காமல் மேலே போனது.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு இன்னொரு பெயர் கிடைத்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கொல்லைப்புறம் போய் அண்ணாந்து பார்க்கிறவன். புது அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு உறவினர் வீட்டில், "எங்களது கரண்ட் சிம்னி, பட்டன் அமுக்கினா போதும்" என்றார்கள். வெளியே போய்ப் பார்த்தால் அதன் குழாய் வாயில் புறா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர், அதன் புகைக் குழாயைக் கொசு வருகிறது என்று துணி வைத்து அடைத்திருந்தார்கள். என் சொந்தக்காரன் ஒருவனைக் கண்ட மாதிரி இருந்தது. துணியை நானே உருவி எடுத்துவிட்டேன். அவர்கள் இப்போது என்னை அழைப்பதில்லை. பரவாயில்லை. என்னை அழைக்க வேண்டாம். தெரிந்த ஆள் ஒருவரை வருஷத்துக்கு ஒரு தடவை அழைத்து, ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது பார்ப்பதே அல்ல. நான் அப்படித்தான் பல வருஷம் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றிருந்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் அழுதாள். அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது புரிந்தது.

இப்போது இராட்டையில் உட்காரவைத்தால் கை தானாகச் சுற்றுகிறது. தங்கை வீடு எந்தத் தெரு, உப்புப் போட்டோமா, இன்று என்ன கிழமை, இவையெல்லாம் நிற்பதில்லை. என் பழைய ஜோக்குகளுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிக்கிறாள். ஜோக்கு சொல்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன்.

சில நாட்களில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு இன்னாங்க ஆச்சு?" என்று கேட்பாள். ஒரு தடவை பொய் சொன்னேன். மழையில் வழுக்கி விழுந்துவிட்டாய், தலையில் அடி என்றேன். "அய்யோ, பாவம், தனியா தூக்கியாந்தீங்களா" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்று முழுக்க என்னால் ஒரு விரற்கடைகூட நெய்ய முடியவில்லை.

அதிலிருந்து உள்ளதைச் சொல்கிறேன். கோணி, கரி, மூடின ஜன்னல், தலைவலிக்கு நான் செய்த கிண்டல், தறிக்குழியில் நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எதையும் விடுவதில்லை. இதுவரை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் திட்டுவாள் என்று காத்திருக்கிறேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அதே முகத்தோடு, அதே கேள்வியைத்தான் கேட்கிறாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறேன்.