இறக்கத்தில் எஞ்சினை அணைக்கிறவர்

அந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் மூடாது. அப்படி மூடாமல் பேசினதுதான் வினையே. ஆனால் பேச வேண்டியதை மட்டும் பேசவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த வண்டி அது. சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவர் கூடவே கொண்டுவந்தது. ஜெர்மன்காரன் கட்டியது. அவர் மறுபடி வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்று என் மனைவி சொல்வாள். பொய். நானே ஓடிப்போய்த் தலையை நீட்டினேன்.

பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. பின்பக்கம் மழுங்கலாக, கண்ணாடியோடு சேர்த்துத் தூக்குகிற கதவு. எதிர்வீட்டுக்காரர் முதல் நாளே, "என்னா சார், பாதி வண்டியைத்தான் குடுத்தானா? டிக்கி எங்க?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவரை உள்ளே உட்காரவைத்து, கேம்ப் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு அடித்தேன். மூன்றாவது கியரில் அழுத்தினபோது அவர் "ஐயோ சாமி" என்று டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு டிக்கியைப் பற்றிக் கேட்கவில்லை.

நாலு சிலிண்டருக்குப் பதினாறு வால்வு. மூச்சு விட ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வே போதும் என்று எல்லா வண்டியும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு நாலு. கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அளந்து, அதற்கு ஏற்ற பெட்ரோலை மட்டும் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன். நாலாயிரம் சுற்று வரைக்கும் சாதுவாக இருக்கும். அதைத் தாண்டினால் குரலே மாறி, முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஒற்றை விரலால் திருப்புகிற பவர் ஸ்டியரிங். தோல் சீட்டு வேறு, மே மாதத்தில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரப்பாக்கம் வரைக்கும் விட்டுத் திரும்புவேன். அந்த அரைமணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். மற்ற நாளில் கிண்டி ஆபீசுக்கு எலெக்ட்ரிக் டிரெயின்தான். ஏனென்றால் அந்த வண்டி பெட்ரோலை யானை மாதிரி குடித்தது. குடிக்கிறது என்று வீட்டில் ஒரு நாள் விடாமல் நான் புலம்பினேன். சாப்பிடும்போது, குளித்துவிட்டு வரும்போது, மாமனார் எதிரில், எல்லா நேரமும்.

மாமனாரைச் சொல்ல வேண்டும். பல்லாவரத்தில் ஒரு தோல் வியாபாரிக்கு முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அவர் மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, வாத்தியார் குடும்பமான எங்கள் வீட்டில், "டிரைவர் பொண்ணா?" என்று ஒரு சித்தி மூக்கைச் சுளித்தார். நான் சித்தியைக் கிழித்து எடுத்துவிட்டேன். அதனால் என்னைப் பெரிய மனசுக்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

அவருக்கும் என்மேல் கொள்ளைப் பிரியம். "மாப்ளே, உங்க வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கா இல்லையான்னே தெரியல, பூனை தூங்கற மாதிரி கீது" என்று பானட்டில் காதை வைத்துக் கேட்பார். அவர் ஆயுசெல்லாம் ஓட்டியது பழைய காலத்து இரும்புக் கப்பல். அதில் காலால் எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுதான் பிரேக். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் அந்தத் தலைமுறை டிரைவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். வண்டி சும்மா உருளும், பெட்ரோல் மிச்சம். முதலாளி பெட்ரோலைத் தன் பெட்ரோல் மாதிரி பார்க்கிறவன்தான் நல்ல டிரைவர் என்று பேர்.

மனைவிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலை உச்சியில் இருக்கிற மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். மேலே ஏறும்போது நான் ஓட்டினேன். முடிந்து கிளம்பும்போது எனக்கு ஒரு ஆசை. "மாமா, நீங்க ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"நானா? வேணாம் மாப்ளே, கண்ணாடி மாதிரி வச்சினுகீறீங்க."

"சும்மா உக்காருங்க மாமா."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயிற்றோடு ஏறி இறங்க வசதி என்று மனைவி முன்சீட்டில். நான் பின்னால் ஏறி, காலை நீட்டி, வர்ணனையை ஆரம்பித்தேன். ஸ்டியரிங் எவ்வளவு லேசு பாருங்க மாமா, பிரேக்கைத் தொட்டா போதும் பாருங்க மாமா.

முதல் வளைவு தாண்டியதும் ஏ.சி. சத்தம் நின்றது. எனக்கு உடனே புரியவில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, திருட்டுத்தனமாகச் சிரித்தார். எனக்குப் பெட்ரோல் மிச்சம் பண்ணிக் கொடுக்கிறார்!

அந்த வண்டியில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பதே எஞ்சின்தான். எஞ்சின் உறிஞ்சுகிற காற்றை வைத்துத்தான் அது காலின் அழுத்தத்தைப் பலமடங்காக்கும். அணைத்துவிட்டால் ஒன்றிரண்டு மிதிக்கு மிச்சம் இருக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் அப்படியே. இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆபீசில் டீ குடிக்கிறவனிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வளைவில் அவர் மிதித்தார். மூன்றாவதில் மிதித்தார், வண்டி கேட்கவில்லை. கீழே குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் நடந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். "மாதாவே" என்றார் மெதுவாக. பெடலின் மேல் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மறு கையை முழங்கையோடு ஸ்டியரிங்குக்குள் விட்டு வளைத்து, மலைப்பக்கத்து மண்சரிவில் ஏற்றினார். லொடக்கென்று ஒரு பாறையில் முட்டி நின்றது. முன் பம்பர் பிளந்தது, ஒரு விளக்கு நொறுங்கியது. மனைவி வயிற்றைப் பிடித்தபடி, "ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

அப்போது நான் கத்தினேன்.

"யோவ்! அறிவிருக்காய்யா உனக்கு? யாரைக் கேட்டுய்யா ஆஃப் பண்ணே?"

அவர் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. முதுகு நிமிர்ந்தது.

"சாரி சார்" என்றார்.

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. பின்சீட்டிலிருந்து கத்தல் வந்தால் முப்பது வருஷமாக வாயில் தானாக வருகிற வார்த்தை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சாயந்திரம் பல்லாவரத்துக்குப் போனேன். "மாமா, ஏதோ பதட்டத்துல..." என்று ஆரம்பித்ததுமே கையெடுத்துத் தடுத்துவிட்டார். "தப்பு என்னுது மாப்ளே. உங்க வண்டி, நான் கேட்டிருக்கணும். விடுங்க, காப்பி சாப்டறீங்களா?" காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். சே! காலில் விழுந்திருக்க வேண்டிய ஆள், சர்க்கரை போதுமா என்று கேட்டதற்குப் போதும் என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் அந்த இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைத் தானே நிறுத்திவிடும். சொட்டு செலவாகாது. அவர் எனக்காக மிச்சம் பிடிக்கப் பார்த்ததை அந்த வண்டி ஏற்கெனவே மிச்சம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை. முன்னால் மறந்தேன், பின்னால் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசி மாதத்தில் மனைவியைத் தனியாக விட முடியாது என்று அவர் தினமும் காலையில் வந்து, நான் ஆபீசிலிருந்து திரும்பும்வரை இருப்பார். வந்ததும் வாளியில் தண்ணீர் எடுத்து வண்டியைத் துடைப்பார். "மாமா, எதுக்கு இதெல்லாம்?" என்றால், "சும்மாதானே கீறேன்" என்பார். புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னிடம், "உங்க டிரைவர் நல்லா வச்சிக்கிறார் சார்" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. "மாமனார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வலி எடுத்தால் உடனே போக வண்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு பண்ணியிருந்தேன். பம்பரைச் சரிபண்ணி, டேங்கை நிரப்பி, சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். ஆனால் "மாமா, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று பயம். ஆணியில் தொங்குகிற சாவி பேசிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் மழை. மத்தியானம் நான் வெளிவேலை முடித்து ஆபீசுக்குள் நுழைந்தபோது பக்கத்து மேஜைக்காரர் ஓடிவந்தார். "எங்க போயிட்டீங்க? உங்க மாமனார் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். வலி எடுத்துடுச்சாம்."

"கிளம்பிட்டாங்களாமா?"

"அது தெரியல. வண்டியை எடுக்கலாமான்னு உங்களைக் கேக்கச் சொன்னார்."

வீட்டுக்குப் போன் போட்டேன், மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. டிரெயினில் நின்றுகொண்டே வந்தேன். மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எடுத்திருப்பார், எடுத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். தாம்பரத்தில் இறங்கி முதலில் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வண்டி மழையில் நனைந்தபடி நின்றது. அதன் அடியில் தரை காய்ந்திருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆணியில் சாவி அப்படியே இருந்தது.

நர்சிங் ஹோம் மேற்குத் தாம்பரத்தில். ஆட்டோ கிடைப்பதற்கே அவர் மழையில் மெயின் ரோடு வரைக்கும் ஓடியிருக்கிறார். ரயில்வே கேட் சாத்தியிருந்ததாம். பள்ளத்திலெல்லாம் விழுந்து எழுந்த அந்த ஆட்டோவில், அவள் அவர் தோளைக் கடித்துக்கொண்டே போயிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு அவள் சொல்லித்தான் தெரியும்.

நான் படியேறி வராந்தாவுக்கு வந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நனைந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது.

"மாப்ளே, வண்டியை நான் தொடல" என்றார்.

பேத்தி பிறந்திருப்பதை அதற்கு அப்புறம்தான் சொன்னார்.