அக்காவின் கைக்கு அமைந்த துவக்கு

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, பந்திக்கு இலை போடும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி அடக்கமாக எழுதும்படியும், அவர் துவக்குச் சுட்ட கதையை மட்டும் எடுக்க வேண்டாம் என்றும் எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள். சுவிஸிலிருக்கும் எங்கள் பெரியண்ணா தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்து, சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுத்தான் எழுதக் குந்தியிருக்கிறேன். துவக்கை விட்டுவிட்டு அக்காவின் கடைசி வருடங்களைப் பற்றி நான் எதை எழுதுவது? கோயிலுக்குப் போனார், வந்தார் என்றா?

அக்கா ஜெயபுரத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறிய எங்கள் அப்பாவின் இரண்டாவது பிள்ளை. பெரியண்ணாவுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். அப்பா நேரத்தோடு கண்ணை மூடிவிட்டார். ஊர் ஊராக இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் நின்றபோது ஷெல் விழுந்து அக்காவின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. அதைப்பற்றி அக்கா யாரோடும் கதைத்ததில்லை. அவர் கதைக்காததை நானும் இங்கே விரித்து எழுதப்போவதில்லை. அகதி முகாமிலிருந்து வெளியே வந்து ஓமந்தையில் வீடு போட்டு, பொய்க்காலை மாட்டிக்கொண்டு கூட்டுறவுக் கடையில் வேலைக்குப் போய், அம்மாவையும் என்னையும் பார்த்தவர் அவர்தான். நான் ஓட்டோ வாங்கியதும் அவருடைய உழைப்பில்தான்.

அக்காவின் குணங்களில் முதலாவதாகப் பொறுமையை எழுதச் சொன்னார்கள். உண்மைதான், அக்காவுக்குப் பொறுமை இருந்தது. பக்கத்தில் நின்ற எங்களுக்குத்தான் அது இல்லாமல் போனது. சந்தையில் ஒரு கத்தரிக்காய் வாங்குவதென்றாலும் குவியலையே கிண்டி, ஒவ்வொன்றாகத் தூக்கி, உருட்டி, மணந்து பார்ப்பார். செருப்புக் கடைக்காரர் எங்கள் ஓட்டோவைக் கண்டாலே, "அக்கா, புதுசு ஒண்டும் வரேல்லை" என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுவார். கலியாணப் பேச்சுகளும் அப்படித்தான். ஒருவர் சிரிக்கும்போது தோள் குலுங்குகிறதாம். இன்னொருவர் வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டாராம். கடைசியில் கேட்டு வருகிறவர்கள் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் கடவுள் ஒரு கைத்துவக்கைத் தெரிவு செய்யும் வேலையைக் கொடுத்தார்.

வவுனியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு விளையாட்டுப் பயிற்சி முகாம் நடந்தது. இரும்புக் குண்டெறிதல் போட்டிக்குத்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தின் ஒரு மூலையில் காற்றால் சுடும் கைத்துவக்கைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வெடிமருந்தும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசியில் வட்டங்கள் இருக்கும். ஒரு கையால் மட்டும் பிடித்து நடு வட்டத்தைச் சுட வேண்டும். மற்றக் கையை இடுப்பிலோ பொக்கற்றுக்குள்ளோ வைத்துக்கொள்ள வேண்டும். அக்கா நின்று பார்த்தார். பிறகு குண்டை மறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பட்டது காணாதோ பிள்ளை? அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள்ளை எடாதை!"

"அம்மா, இதிலை ஆரும் சாகிறேல்லை. கடதாசிதான் சாகும்" என்றார் அக்கா.

பெரியண்ணாவோ, போனில் அந்தச் சொல்லையே சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டார். ஆனபடியால் நாங்கள் 'அது' என்றே கதைத்தோம். அது எப்படிப் போகுது, அதுக்கு என்ன விலை, அது கைக்குள்ளை நிக்குதோ. ஒட்டுக்கேட்கிறவன் யாராவது இருந்திருந்தால் எங்களைக் கட்டாயம் சந்தேகப்பட்டிருப்பான்.

பழகி ஒரு வருடம் போனபின் அக்கா வவுனியாவின் துவக்குச் சூட்டுச் சங்கத்தில் நன்றாகச் சுடுகிறவர்களில் ஒருவராகிவிட்டார். ஆனால் அதற்குமேல் ஏறவில்லை. சங்கத்துத் துவக்குகள் பெரிய ஆம்பிளைக் கைகளுக்குச் செய்தவை. பயிற்சி மாஸ்டர் நேராகவே சொன்னார்: "தேசியத் தெரிவுக்குப் போகவேணுமெண்டால் உங்கட கைக்கு அமைஞ்ச சொந்தத் துவக்கு வேணும் அக்கா. மாசிக்கு முதல் எடுங்கோ. இல்லாட்டி உங்கட வயசுக்கு இன்னொரு சந்தர்ப்பம் வருமோ தெரியாது." வாங்குவதும் அனுமதி எடுப்பதும் சங்கத்தின் மூலம் நடக்கும், துவக்கு சங்கத்தின் பூட்டறையில்தான் இருக்கும். காசு பெரியண்ணாவின் பொறுப்பு. தெரிவு மட்டும் அக்காவுடையது. அன்று பிடித்தது எனக்கு ஏழரைச் சனி.

முதலில் ஒரு பழைய துவக்கு வந்தது. பக்கத்திலுள்ள தடியை நெம்பித் தானே காற்றேற்றிக்கொள்ளும் வகை. மாஸ்டருக்கு அது நன்றாகப் பிடித்தது. அக்கா நாள் முழுக்கச் சுட்டுப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு வெடிக்கும் நெம்பினால் கை நடுங்குது" என்றார். சரி, வேண்டாம். அடுத்தது பாரம் குறைந்தது. "முன்பக்கம் பாரம் காணாது, மூக்கைத் தூக்குது." அதுவும் வேண்டாம். மூன்றாவது, பெரியண்ணா வட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பிடித்த புதுத் துவக்கு. விசை நல்லது, குறி நல்லது, எல்லாம் நல்லது.

"பிறகென்னக்கா?"

"கைக்குள்ளை நிக்குதில்லையடா."

இந்தக் 'கைக்குள்ளை நிக்குதில்லை'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு மண்டை காய்ந்தது. சுடுகிறவர்கள் மரப்பிடியைத் தங்கள் உள்ளங்கைக்கு ஏற்ப அராவி, மரப்பசை அப்பித் திருத்திக்கொள்வது வழக்கம். அக்கா சங்கத் துவக்கொன்றின் பிடியில் பசை அப்புவார், காய்ந்ததும் மட்டத்தாளால் தேய்ப்பார், பிடித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி அப்புவார். "அக்கா, இது பொதுத் துவக்கு, உங்கட வீட்டுக் கதவில்லை" என்று மாஸ்டரே கத்திவிட்டார். மாசியும் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஓமந்தைக்கும் வவுனியாவுக்கும் ஓடி ஓடி என் ஓட்டோவும் தேய்ந்தது.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளையளைத்தான் விட்டியள், இதையாவது கட்டித் துலையுங்கோவன்!"

"மாப்பிள்ளை கைக்குள்ளை நிக்கத் தேவையில்லை. இது நிக்கவேணும். நீ றோட்டைப் பார்."

தைப்பொங்கல் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து சிலர் வவுனியாவுக்குச் சுட வந்தார்கள். அதில் ஒரு சிங்களப் பெண்மணி. அவர் தோள்வலியால் விளையாட்டை விடப்போவதாகவும், தன் துவக்கை யாருக்காவது கொடுக்க விரும்புவதாகவும் மாஸ்டர் சொன்னார். குண்டில்லாத அந்தத் துவக்கை அந்தப் பெண்மணியே எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா வலக்கையில் வாங்கினார். பிடி விரல்களுக்குள் அடங்கவேயில்லை, பெருவிரலுக்கு இடமே இல்லை. அது இடக்கைக்காரருக்குச் செய்த பிடி என்று மாஸ்டர் சிரித்தார். சரி, இதுவும் போச்சு என்று நான் ஓட்டோவைக் கிளப்பத் திறப்பை எடுத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. துவக்கை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையைப் பொக்கற்றுக்குள் விட்டார். மெதுவாக உயர்த்தி, கடதாசியைப் பார்த்தபடி நின்றார். அக்காவின் கையில் எப்போதும் மேலும் கீழும் அலையும் குழல் அசையாமல் நின்றது. மாஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

"இதுதான்" என்றார் அக்கா.

"அக்கா, அது இடக்கையருக்கெல்லோ!" என்றேன் நான்.

"எனக்குத் தெரியும்."

"நீங்கள் என்ன இடக்கையோ?"

"அம்மாட்டைக் கேள்."

உறவுகளே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பயிற்சி முகாமில் சேர்ந்த முதல்நாளே மாஸ்டர் கேட்ட கேள்வி, எந்தக் கை என்பதுதான். வலக்கை என்று சொன்னவர் வேறு யாருமில்லை, அக்காதான். இவ்வளவு காலமும் துவக்கில் பிழை, பிடியில் பிழை, பசையில் பிழை! "ஏனக்கா அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கத்தினேன். "கேட்டவுடனை வாயிலை அதுதானே வந்தது" என்றார், தனக்கே புதினமாக இருப்பதுபோல.

வீட்டில் அம்மா முதலில் மறுத்தார். "என்ர பிள்ளையளிலை ஒருத்தருக்கும் இடக்கைப் பழக்கம் இல்லை." அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அம்மா கதிரையில் அமர்ந்தார். "ஏடு தொடக்கேக்கை அரிசிக்குள்ளை எழுத இடக்கையை வைச்சவள். ஐயர் கையைப் பிடிச்சு மாத்தினவர். சபையிலை எல்லாரும் சிரிச்சவை. அதுக்குப் பிறகு நான் விடேல்லை. அடிச்சனான், துணியாலை கட்டியும் விட்டனான். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குப் போற இடத்திலை இடக்கையாலை சோறு போட்டால் என்ன சொல்லுவினம்?" பிறகு குரலை உயர்த்தினார். "இப்பவும் சொல்லுறன், வேண்டாம்! பரிசு தந்தால் அந்தக் கையையோ நீட்டுவாய்?"

"பரிசை வலக்கையாலை வாங்கிறன் அம்மா. சுடுறதை மட்டும் விடுங்கோ" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கத்தரிக்காயிலும் செருப்பிலும் மாப்பிள்ளைகளிலும் இழுபட்டுக்கொண்டிருந்த மனுசி, இந்த ஒன்றில் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டேன்.

வில்லங்கம் அதோடு முடியவில்லை. அது சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் துவக்கு. சைக்கிள் கடைக் காற்றெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு? முல்லைத்தீவுக் கரையில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவர்கள் முதுகில் கட்டும் சிலிண்டருக்குக் காற்றடிப்பார்கள் என்று தேடிப் பிடித்தோம். சங்கத்தின் பெரிய சிலிண்டரை மடியில் கட்டிப்பிடித்தபடி அக்கா பின்னால் இருக்க, நான் குண்டும் குழியும் பார்த்து ஓட்டுவேன். "கடற்கரைக்குப் போய்க் காத்து வாங்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன், சிலிண்டரிலை வாங்கிறதை இப்பதான் பாக்கிறன்" என்று அம்மா முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் சோற்றுப் பார்சல் கட்டித் தந்தார்.

மாசியில் நடந்த தெரிவுப் போட்டியில் அக்கா இடக்கையால் சுட்டார். ஒரு வருடம் வலக்கையில் ஏறாத புள்ளிகள் அன்று ஏறின. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அணியில் அக்காவின் பெயர் வந்தது. பரிசை வலக்கையால்தான் வாங்கினார்.

அந்த வருட மாரி மழையோடு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. வயல் வெள்ளத்துக்குள் நின்றதால் பிடித்த எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். "ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்று நான் கெஞ்ச, "நாளைக்குப் பாப்பம், அலுப்புக் குடுக்காதை" என்று அக்கா தள்ளிப்போட்டார். இதிலுமா இழுபறி அக்கா? இதிலாவது உடனே ஓம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் நினைக்கவில்லை. அக்கா இல்லாத வீட்டில் யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

இனி நன்றிகள். இரவு பகல் பாராமல் போராடிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தோள் கொடுத்த அயலவருக்கும், காற்றடித்துத் தந்ததோடு சாவீட்டுக்கும் கருவாட்டுப் பையோடு வந்து நின்ற சுழியோடி ஞானசீலன் அண்ணைக்கும், துவக்கைக் கொடுத்த அந்தப் பெண்மணிக்கும், அக்காவைச் சகித்துக்கொண்ட மாஸ்டருக்கும் நன்றி. காசு தந்ததற்காகப் பெரியண்ணாவுக்கும் நன்றி.

அச்சகத்தாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் அட்டைப்படத்தை மாற்றச் சொல்லி அவர்களைப் படாத பாடு படுத்தினேன். தெரிவுப் போட்டியன்று நான் எடுத்த படம் அது. வெக்கைக்கு அக்கா காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்று சுடுகிறார். துவக்குப் படம் போடத்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்க, "அப்பிடியெண்டால் இதைப் போடு, இடக்கை சபைக்கு வடிவில்லை" என்று பெரியண்ணா அந்தப் படத்தைக் கணினியில் இடம் வலமாகப் புரட்டி நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அச்சகத்தார் பார்க்கத் தந்த தாளை நான் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஆரடா இது?"

"அக்காதானே அம்மா."

"இவளுக்கு எந்தக் கால் போனது?"

நானும் குனிந்து பார்த்தேன். படத்தில் அக்காவின் வலக்கால் பொய்க்காலாக இருந்தது. பெரியண்ணா அதைச் சபைக்கு வடிவென்று நினைத்தாராக்கும். அம்மா தாளை என் கையில் திருப்பித் தந்தார்.

"நான் ஒருக்கா மாத்தினது காணும். இனி ஒருத்தரும் என்ர பிள்ளையை மாத்த வேண்டாம்."