பேதியே இல்லாத தெரு

ஒரகடத்துக் கம்பெனி வாசலில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஏதோ ஒரு வீட்டில் சத்துமாவு வறுக்கிற வாசனை. கால் நடந்ததே தவிர, மனசு ரோசியிடம் போய் நின்றுவிட்டது. காதல் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் இருவரும் பிள்ளைப்பாக்கத்தில் ஆளுக்கு ஒரு தெருவாக, வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். ஒரு தொண்டு நிறுவனம் அங்கே பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்து, பேதியானால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கவும் சொல்லித் தந்தது. அதனால் பலன் உண்டா என்று தாய்மார்களைக் கேட்க வேண்டும். எட்டாவதோடு நின்ற எனக்குப் பேனா பிடிக்கிற முதல் வேலை. அடுத்து குன்றத்தூர்ப் பக்கம் போக ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம் என்றிருந்தார்கள்.

ரோசி செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பங்கரை வரை போய்விடுவாள். எனக்கு வாசலிலேயே பதில்: "நல்லா கீது சார்." அந்த 'சார்' காதில் விழுந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவேன். அவளுக்கு மோர், வேர்க்கடலை, ஒரு வீட்டில் தலைக்குப் பூ. எனக்கு சார்.

சூப்பர்வைசர் என் தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "உன் தெருவுல ஒரு புள்ளைக்கும் பேதி இல்லையாய்யா? எதிர்த் தெருவுல பாதிக்கு இருக்கு. நடுவுல இருக்கிறது ரோடா, கடலா?"

நான் எழுதிய ஒரு வீட்டுக்கே ரோசியையும் கூட்டிப்போனார். கன்னியம்மா கைப்பிள்ளையோடு வந்தாள். ரோசி தரையில் குந்தி, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா, வயிறு ஒட்டிப் போயிருக்கு?" என்றாள்.

"மூணு நாளா தண்ணியாப் போவுதும்மா."

"எங்கிட்ட இல்லன்னியே!" என்றேன்.

"நீ நின்னுக்கினே கேட்டே, கேக்கும்போதே எழுதிக்கினே. புள்ளைங்களுக்கு நோவுன்னா மாவு குடுக்குற அலமேலுவ வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்கோ. நம்மூர்ப் பொண்ணு அது."

"அப்ப இவகிட்ட?"

"இது இன்னா ஆபீசரா? வூட்டுப் பொண்ணு மாரி குந்திக்கினு கேக்குது."

ரோசி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். அலமேலுவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போய்விட்டாள். குன்றத்தூர் அவளுக்கு. நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த இரண்டு தெருவும் இப்போது கம்பெனிச் சுவருக்கு உள்ளே. மோர் தந்த வாசல்கள் ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்கு வைத்த பூ மட்டும் இன்னும் என் கண்ணை உறுத்துகிறது.

ஒரகடத்தில் வேலை இல்லை என்ற அன்றே லாரி ஏறி வாலாஜாபாத்தில் இறங்கினேன். மறுநாள் காலை நெல் மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டையை எதுவும் கேட்க வேண்டியதில்லை.