கடலுக்குப் போகாத நண்டு

அல்சூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், போன வருஷம் நண்டுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். வயல் நண்டு மழைக்காலத்தில் ஆற்றோடு இறங்கி, கடலில் முட்டையிட்டுத் திரும்புகிறது என்று, கூடவே போய் வந்தவன் மாதிரி வர்ணித்தேன். எங்கோ ஒரு தீவில் சிவப்பு நண்டுகள் கடலுக்கு ஊர்வலம் போவதைப் படித்திருந்தேன். அதைப் பெங்களூருக்கு மாற்றல் செய்துவிட்டேன். கைதட்டினார்கள். அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

என்னைத் திருத்தியவர் மர்பி டவுனில் நண்டு விற்கும் அம்மாள். அத்திபெலேக்கு அந்தப் பக்கம் ஏரி வாய்க்கால்களில் பிடித்து, காலை பஸ்ஸில் கொண்டுவருவார். சளிக்கு ரசம் வைக்க நண்டு வாங்கப் போனவன், அதன் கடல் யாத்திரையையும் அவருக்கு விளக்கினேன்.

"சமுத்திரத்துக்கா? இது அத்திபெலே டோல்கேட்டே தாண்டாது சார். நாந்தான் தூக்கினு வரேன்."

தனியாக வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு நண்டை எடுத்து, வயிற்று மடலைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். உள்ளே மிளகளவு நண்டுகள், கால் கொடுக்கு சகிதம் அப்பிக்கொண்டிருந்தன. குஞ்சோடு இருப்பதை அவர் விற்பதில்லையாம். சாயங்கால பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் வாய்க்காலிலேயே விட்டுவிடுவாராம்.

பேசுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை அன்று வீட்டில் படித்தேன். கடல் நண்டின் குஞ்சு வேறு உருவத்தில் நீரில் மிதந்து திரிந்த பிறகுதான் நண்டாகிறது. நன்னீர் நண்டு அந்தக் கட்டத்தையே விட்டொழித்துவிட்டது. முட்டையிலிருந்து நண்டாகவே வருகிறது. அதற்குக் கடலில் ஒரு வேலையும் இல்லை.

பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வட்டத்துக்கு வரும் ஒரு டீச்சர், என் பேச்சை எட்டாம் வகுப்பில் அப்படியே நோட்ஸ் கொடுத்ததாகப் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒரு வகுப்பு முழுக்க என் பொய் எழுதப்பட்டிருக்கிறது. அதை அடித்தே ஆகவேண்டும் என்று செயலாளரிடம் நேரம் கேட்டேன்.

"போன வருஷம் பேசினது யாருக்கு சார் ஞாபகம் இருக்கு? விடுங்க" என்றார். தப்பாகப் பேசியதைவிட இதுதான் அதிகம் வலித்தது. மூன்று முறை போன் செய்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் தந்தார்.

ஞாயிறு காலை நண்டுக்கார அம்மாளிடம் ஒரு தாய் நண்டை இரவல் கேட்டேன். சாயங்கால பஸ்ஸுக்குள் திரும்பிவிட வேண்டும், குஞ்சு ஒன்றுகூடக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு வாளியைக் கொடுத்தார்.

கூட்டத்தில், போன வருஷம் நான் சொன்னது தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். வாளி வரிசை வரிசையாகப் போயிற்று. மலைக்கு மலை தனித்தனி இன நண்டுகள் இருப்பதற்கும் இதுதான் காரணம், பிறந்த ஓடையை விட்டு இவை அதிகம் நகர்வதில்லை என்றேன். டீச்சர் எழுந்தார். கையில் நோட்டு.

"ஆப்பிரிக்காவுலகூட இதோட சொந்தக்கார நண்டு இருக்குன்னு போன வருஷம் சொன்னீங்களே சார். அடுத்த ஓடைக்கே போகாதது அங்க எப்படிப் போச்சு?"

நிலப்பரப்புகள் பிரிந்தபோது நண்டுகளும் அவற்றோடே போயின என்று வெகுகாலம் நம்பினார்கள், இந்த வம்சம் அவ்வளவு பழையது இல்லை என்கிறார்கள் இப்போது பலர், மிதந்த மரத்தில் தொற்றிக்கொண்டு கடல் தாண்டியிருக்கலாம் என்பது ஓர் ஊகம் என்றேன். வாய் வரை அழகான முடிவு ஒன்று தயாராகவே வந்தது. விழுங்கினேன்.

"அப்போ பசங்களுக்கு என்னன்னு எழுதிப் போடட்டும்?"

"இன்னும் தெரியலன்னு எழுதிப் போடுங்கம்மா."

பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். டீச்சர் உட்கார்ந்து, பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.