மணம் அறியாத சமையல்

பிரேமிளாவின் மூக்குக்கு எந்த மணமும் தெரியவில்லை என்பதை, அவர் சமைத்த வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டில் கொரோனா அவரைப் பிடித்தது. சில நாட்களில் காய்ச்சலும் இருமலும் நீங்கின. போன மணம் மட்டும் திரும்பவில்லை. பன்வில தேயிலைத் தோட்டத்து லய அறையில் தனியே படுத்திருந்தவர், தைலப் போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்தார். பச்சைத் தண்ணீரை முகர்ந்ததைப் போலிருந்தது.

கணவரை இழந்தபின் பெய்ரூத்தில் ஆறு ஆண்டுகள் சமையல் செய்து, மகள் லோஜினியைப் படிக்கவைத்தவர் பிரேமிளா. ஊர் திரும்பியதும் அம்பிட்டியவில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. அவ்வீட்டுக்காரர் நஸீம் கண்டி நகரில் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி ஸுமைரா வங்கியில் பணிபுரிந்தார். பெய்ரூத்தில் கற்ற ஒரு சமையலே பிரேமிளாவை அங்கே நிலைக்கச் செய்தது. கோழித் துண்டுகளை மரக்கறிகளுடன் ஓவனில் வாட்டியெடுத்து, தைம் இலையும் ரோஸ்மேரியும் இட்ட கிறீம் சோஸை மேலே ஊற்றிப் பரிமாறுவார். வியாழக்கிழமை இரவென்றால் ஸுமைராவுக்கு அதுதான் வேண்டும்.

மணம் போன பிறகும் அந்தச் சமையல் நிற்கவில்லை. உப்பையும் புளிப்பையும் நாக்கு சொல்லியது. பட்டரின் நுரை அடங்கும் ஓசை, பூண்டின் நிறம், தைம் இலையைக் கசக்கும்போது விரலில் ஒட்டும் பசை ஆகியவற்றைக் கொண்டு மற்றவற்றை அவர் ஊகித்துக்கொண்டார். முதல் வாய் உண்ணும் ஸுமைராவின் முகத்தைக் கதவிடுக்கால் பார்த்த பிறகே அவருக்கு மூச்சு வரும். மணம் தெரியாதவளுக்குச் சமையலறையில் என்ன வேலை என்று கேட்டுவிட்டால், லோஜினியின் படிப்பு அன்றோடு நின்றுவிடும்.

ஆண்டின் இறுதியில் வேறோர் அச்சம் வந்தது. அங்குமிங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்தி நாள்தோறும் தொலைக்காட்சியில் வந்தது. கேஸ் மணம் வந்தால் உடனே அடுப்பை மூடிவிடுமாறு சொன்னார்கள். மணம் தெரியாதவர் என்ன செய்வது என்று எவரும் சொல்லவில்லை. பிரேமிளா மாலைதோறும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் நுரைக்கவைத்து, சிலிண்டரின் வாயிலும் குழாயிலும் பூசி, குமிழி எழும்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன பிரேமிளா, சிலிண்டரைக் குளிப்பாட்டியாச்சா?" என்பார் நஸீம். "அப்பிடியே பவுடரும் பூசிவிடுங்க. கலியாண வீட்டுக்குக் கூட்டிப்போவம்."

"சிரிங்க மொதலாளி. வெடிச்சா மொதல்ல பறக்கிறது நாந்தானே!"

பிரேமிளாவும் சிரிப்பார். ஆனால், இரவில் கண்களை மூடினால் அடுப்புதான் தெரியும்.

அந்த வியாழக்கிழமையும் நுரை பூசிப் பார்த்தார், குமிழி எழவில்லை. கோழியும் கரட்டும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் ஓவனில் சிவந்தன. ஓவனை அணைத்துத் தட்டை வெளியே எடுத்து மூடிவைத்தார். சோஸுக்கு அகன்ற சட்டியை ஏற்றி, பட்டரில் பூண்டை வதக்கி, கிறீமை ஊற்றித் தீயைக் குறைத்தார். தைம் இலை போதவில்லை. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியிலிருந்த பூச்சட்டிக்குப் போனார். மழைக்கு இலைகள் அழுகியிருந்தமையால் நல்லவற்றைத் தேடிக் கிள்ளுவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

திரும்பி வந்து இலைகளைத் தூவி அகப்பையால் கிளறினார். சோஸில் அசைவில்லை. ஓரத்தில் குமிழவேண்டிய கிறீம், ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. சட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைக் கோடொன்று வழிந்திருந்தது. குனிந்து பார்த்தார். கிறீம் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. அடுப்பின் கேஸ் திருகி திறந்தபடியே இருந்தது.

திருகியைச் சட்டென்று மூடினார். எவ்வளவு நேரமாகக் கசிந்தது? மூச்சை ஆழ இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அறை நிறையக் கேஸ் இருக்கலாம். சிறிதும் இல்லாமலும் இருக்கலாம்.

அப்போது கூடத்தில் நஸீமின் செருப்போசை கேட்டது. வியாழன் மாலையில் மஃரிப் தொழுகை முடிந்ததும், கனன்ற கரியில் சாம்பிராணி தூவி, ஸலவாத்து ஓதியபடியே ஒவ்வோர் அறையாகப் புகை காட்டி வருவது அவருடைய வழக்கம். கடைசியாக வருவது சமையலறை. ஓதும் குரல் படுக்கையறையைக் கடந்து வந்தது.

"வராதீங்க மொதலாளி! நெருப்போட உள்ள வராதீங்க!"

நஸீம் வாசலருகே திகைத்து நின்றார். கையிலிருந்த தூபக்காலில் கரி சிவந்திருந்தது. "என்னத்துக்குக் கத்துறீங்க? ஷைத்தானைக் கண்ட மாதிரி!"

"கேஸ் கசிஞ்சிருக்குங்க. பின்னால போங்க!"

அவர் முகர்ந்து பார்த்தார். சாம்பிராணிப் புகை அவருடைய முகத்தைச் சூழ்ந்திருந்தது. "ஒண்டும் மணக்கல்லையே. உங்களுக்கு மணக்குதா?"

ஆமென்று சொல்லியிருந்தால் அவர் விலகியிருக்கக்கூடும். அல்லது உள்ளே வந்து முகர்ந்து பார்த்திருக்கவும் கூடும். பிரேமிளா வாசலை மறித்து நின்றார்.

"எனக்கு எதுவுமே மணக்காதுங்க. கொரோனா வந்ததிலயிருந்து மூக்கு செத்துப்போச்சு. அடுப்பு அணைஞ்சதக் கண்ணாலதான் பாத்தேன். கும்பிட்டுக் கேக்கிறேன், போங்க!"

நஸீம் பின்வாங்கினார். சத்தம் கேட்டு வந்த ஸுமைரா, அவரைக் கடந்து சமையலறை வாசலில் கால்வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "யா அல்லாஹ்! கேஸ்!"

மின் ஆளிகளைத் தொடாமல், கதவுகளையும் யன்னல்களையும் திறந்துவிட்டு மூவரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நஸீம் கரியைக் குழாயடியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு அவர் ஒரு பகிடியும் சொல்லவில்லை.

"ஏன் பிரேமிளா மறைச்சீங்க?" என்று ஸுமைரா கேட்டார்.

"மணம் தெரியாத சமையக்காரிய எந்த வீட்ல வச்சிருப்பாங்க, நோனா?"

நெடுநேரம் சென்ற பிறகு உள்ளே போனார்கள். கோழி ஆறிக் கிடந்தது. சோஸில் ஆடை தடித்திருந்தது. ஸுமைரா அடுப்பு மூட்டும் லைட்டரை எடுத்தார். அழுத்தத் துணியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் பத்த வைக்கிறேங்க. மணக்குதான்னு மட்டும் நோனா பாருங்க."

ஸுமைரா தரையளவு குனிந்து முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். "இல்ல," என்றார். நீலத் தீ எழுந்தபோது இருவரும் ஓரடி பின்னே நகர்ந்தார்கள்.

வேலையை விட்டுப் போகுமாறும் அவர்கள் சொல்லவில்லை, இருக்குமாறும் சொல்லவில்லை. அன்றிரவு பன்வில பஸ்ஸில் பிரேமிளா லோஜினிக்கு அழைப்பெடுக்க நினைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். மறுநாட்காலை வேலைக்குப் போவதா, தன்னிடமிருந்த கொல்லைக் கதவின் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதா என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாட்காலை அவர் கொல்லைக் கதவைத் திறந்தபோது, வங்கிக்குப் போகப் புடவை உடுத்திய ஸுமைரா அடுப்பருகில் நின்றிருந்தார். அவர் குனிந்து மெதுவாக முகர்ந்தார். பிரேமிளா லைட்டரைப் பிடித்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேஸ் மணக்கவில்லையென்று ஸுமைரா தலையசைத்த பிறகும், லைட்டரை அழுத்த அவருக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது.